மெஷின் கேட்டு போனா "மொதல்ல செடிய காட்டும்மா"ன்னு சொன்ன கடை

குறிஞ்சிப்பாடி பக்கம் விவசாய கருவிங்க வாடகைக்கு விடுற ஒரு கடை பத்தி எழுதணும்னு ரெண்டு மாசமா நெனச்சுக்கிட்டே இருந்தேன், எங்க வாய்க்கா கரையில நெய்வேலி காட்டாமணக்கு புடுங்குற வேலை முடிஞ்சு பலன் என்னன்னு தெரியட்டும்னு காத்திருந்தேன், இப்ப தெரிஞ்சிடுச்சு அதனால எழுதுறேன். கடை பேரு நம்பர் எதுவும் இங்க போடல, அந்த அண்ணன் போட வேணாம்னு சொல்லிட்டாரு, ஆனா எங்க சுத்துவட்டாரத்துல வேர் பிடுங்கி வாடகைக்கு விடுறவர் எங்கன்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க.

நான் கேட்டு போனது புதர் வெட்டுற மெஷின், பெட்ரோல்ல ஓடுமே தோள்ல மாட்டிக்கிற மாதிரி அது. நாள் வாடகை 600 ரூபான்னு கேள்விப்பட்டு போனேன். அவர் மெஷின எடுத்து குடுக்காம "என்ன செடிம்மா வெட்ட போற, போட்டோ இருக்கா, மொதல்ல செடிய காட்டு"ன்னாரு. எனக்கு அப்ப கொஞ்சம் கடுப்பா தான் இருந்துச்சு, வெயில்ல வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன், காச வாங்கிக்கிட்டு பொருள குடுக்க வேண்டியது தானேன்னு தோணுச்சு. ஆனா அந்த ஒரு கேள்வி தான் எனக்கு ஒரு வருஷத்த மிச்சம் பண்ணி குடுத்துச்சு.

கொஞ்சம் பின்னால போய் சொல்லணும். எங்களுக்கு பெருமாள் ஏரிக்கு போற வாய்க்கா ஓரமா ஒரு ஏக்கர் இருவது செண்ட் கழனி இருக்கு, சம்பா மட்டும் தான், மத்த மாசத்துல ஆடு தான் எங்களுக்கு சோறு. குழு லோன்ல வாங்கின ஆறு வெள்ளாடு. போன வருஷம் சித்திரையில கழனி வரப்புல ஒரு புல்லு கிடையாது, எல்லாம் காஞ்சு கெடந்துச்சு, வாய்க்கா கரையில மட்டும் பச்சையா ஒரு செடி ஆள் ஒசரத்துக்கு நிக்குது, ரோஸ் கலர்ல பூ பூத்து. ஆடு அதை திங்காதுன்னு தான் எங்க ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க, இயற்கை விவசாயம் பண்றவங்க கூட பூச்சி விரட்டி கரைசலுக்கு ஆடு மாடு திங்காத தழையா பாத்து போடுன்னா இதை தான் ஒடிச்சுட்டு போவாங்க. அதனால நாங்களும் கவலப்படாம அந்த பக்கமே மேய விட்டோம்.

திங்குது. பசியில மொத நாளு ஒரு வாய் கடிக்குது, அப்புறம் பழகிடுது, பழகின பின்னாடி வேற தீனிய போட்டாலும் மூஞ்ச திருப்பிக்கிட்டு அதையே தேடி ஓடுது. ஒரு மாசத்துக்கு மேல நாங்க கவனிக்கல. அப்புறம் ஒரு பொட்டை ஆடு நடக்கும்போது பின்னங்கால் பின்னுது, நிக்கும்போது நாலு காலையும் அகட்டி வெச்சுக்கிட்டு நிக்குது, தலை மட்டும் லேசா ஆடிக்கிட்டே இருக்கு, தண்ணி தொட்டியில வாய வெக்க போனா குறி தப்பி பக்கத்துல முட்டுது. எங்க மாமியார் காத்து கருப்புன்னு சொல்லி மந்திரிக்க கூட்டிட்டு போக சொன்னாங்க. நான் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல ஏத்திட்டு போனேன். டாக்டர் ஆட்ட தொடுறதுக்கு முன்னாடியே எங்க மேய விடுறீங்கன்னு தான் கேட்டாரு, வாய்க்கா கரைன்னு சொன்னதும் பூ என்ன கலர்னு கேட்டாரு.

நெய்வேலி காட்டாமணக்கு. அவர் சொல்லி தான் அது விஷச்செடின்னே தெரியும், அதுவும் நம்ம நாட்டு செடி இல்ல, தென் அமெரிக்கா பக்கத்துல இருந்து அழகு செடியாவும் வேலிக்காகவும் கொண்டு வந்தது, ஐபோமியா கார்னியான்னு தாவர பேரு. அதுல ஸ்வைன்சோனின்னு ஒரு நஞ்சு இருக்காம், செடிக்குள்ளயே குடியிருக்கிற ஒரு பூஞ்சை தான் அத உண்டாக்குதாம், ஒடம்புல சர்க்கரை சத்த ஒடைக்கிற ஒரு நொதிய அது வேலை செய்ய விடாது, ஒடையாம நிக்கிறது எல்லாம் செல்லுக்குள்ள குப்பை மாதிரி சேந்து நரம்ப கெடுக்குது. ஒரே நாள்ல கொல்ற விஷம் இல்ல, மெதுவா வாரக்கணக்குல தான் காட்டும், அதனால தான் எங்களுக்கு புரியல. இதுக்குன்னு மாத்து மருந்து கிடையாது, செடிய விட்டு பிரிச்சு வெச்சு நல்ல தீனி போடுங்க, சீக்கிரம் பிரிச்சது தேறும்னாரு. ரெண்டு தேறிச்சு. அந்த பொட்டை ஆடு தேறல, வயித்துல குட்டியோட போச்சு. அத இன்னும் என்னால சாதாரணமா சொல்ல முடியல.

அந்த கோவத்துல தான் போன வருஷம் ஆனி மாசம் வேற ஒரு எடத்துல புதர் வெட்டுற மெஷின் வாடகைக்கு எடுத்தோம். எந்த கடைன்னு சொல்லல, அவங்க ஒண்ணும் ஏமாத்தல, கேட்டத குடுத்தாங்க, என்னத்துக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல அவ்ளோ தான். என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் ரெண்டு நாள் நின்னு நூத்தம்பது அடி கரையையும் மழுங்க அடிச்சாங்க. பாக்க அவ்ளோ சுத்தமா இருந்துச்சு. வெட்டின தண்ட எல்லாம் அப்படியே கரை சரிவுல தள்ளி விட்டோம், காஞ்சு மக்கிடும்னு. ஐப்பசியில மழை புடிச்சதும் பாக்குறேன், ஒவ்வொரு கட்டையில இருந்தும் நாலு அஞ்சு கிளை, அது போக தள்ளி விட்ட துண்டு எல்லாம் கணுவுக்கு கணு வேர் விட்டு நிமிந்து நிக்குது. மிதந்து போன துண்டு கீழ மதகுகிட்ட அடைச்சு அங்கயும் மொளச்சிருக்கு, அந்த மதகுக்கு கீழ கழனி வெச்சிருக்கிற பெரியப்பா வந்து "ஏம்மா, உன் குப்பைய எனக்கு அனுப்பி வெச்சியா"ன்னு கேட்டாரு, எனக்கு பதில் சொல்ல வாய் வரல. செலவு பண்ணி பாடுபட்டு ஒண்ண பத்தா பெருக்கியிருக்கோம்.

இப்ப கடைக்கு வர்றேன். இந்த வருஷம் பங்குனியில தான் அந்த அண்ணன் கடைக்கு போனது. அவர் கேட்டதும் போன்ல இருந்த போட்டோவ காட்டினேன். பாத்துட்டு "இது எந்த காட்டாமணக்கு தெரியுமா"ன்னு கேட்டாரு, எனக்கு ஒண்ணு தானே தெரியும். கடைக்கு பின்னால கூட்டிட்டு போய் வேலியில நிக்கிற உண்மையான காட்டாமணக்க காட்டினாரு. அதோட இலை மூணு இல்லன்னா அஞ்சு மூலையா இருக்கும், ஆமணக்கு இலைக்கு தம்பி மாதிரி, பூ பச்சையும் மஞ்சளுமா கண்ணுக்கே தெரியாத அளவுக்கு சின்னது, காய் உருண்டையா பச்சையா உள்ள மூணு கருப்பு விதை. அந்த விதையும் விஷம் தான், புள்ளைங்க பொறுக்கி தின்னா வாந்தி பேதி ஆகும். ஆனா அது வேலியில நிக்கும், வாய்க்காவ அடைக்காது. பேர் ஒண்ணா இருக்குன்னு எதையோ வெட்டிட்டு எதையோ விட்டுட்டு வர்றாங்கம்மான்னாரு.

நம்ம ஆள் நெய்வேலி காட்டாமணக்கு இலைக்கு மூலையே கிடையாது. வெத்தலைய நீட்டி இழுத்த மாதிரி, அடியில இதய வடிவம், நுனி கூரா, என் விரிச்ச கை நீளத்துக்கு வரும். காம்ப கிள்ளினா பால் வரும். பூ புனல் மாதிரி, வெளிய வெளிர் ரோஸா ஊதாவா ரெண்டும் கலந்து, உள்ள தொண்டையில மட்டும் அடர்த்தியான கலர். காய் காஞ்சு வெடிச்சா உள்ள விதைய சுத்தி பட்டு நூல் மாதிரி பழுப்பு மயிர் இருக்கும், கையில எடுத்தா வழுக்கும். இளந்தண்டு பச்சை, முத்தினது சாம்பல் கலர், குறுக்க வெட்டினா உள்ள பொக்கை. பொக்கையா இருக்கிறதால தான் மிதக்குது, மிதக்கிறதால தான் ஏரி ஏரியா போவுது.

அவர் மேசை மேல ஒரு தண்ணி பாட்டில் இருந்துச்சு, வாய் பக்கம் அறுத்தது. அதுல ஒரு சாண் தண்டு, இலை ஒண்ணும் இல்லாம, சும்மா ஒரு குச்சி. தூக்கி வெளிச்சத்துல காட்டினாரு, ரெண்டு கணுவுலயும் வெள்ளையா கொத்து கொத்தா வேரு, பூண்டு வேர் மாதிரி, மேல் கணுவுல கடுகளவு பச்சை முளை. மெஷின் கேட்டு யாரு வந்தாலும் இத காட்டுவேன், பாத்ததுக்கு அப்புறமும் மெஷின் தான் வேணும்னா குடுப்பேன்னாரு. நான் மெஷின் கேக்கல.

அவர் குடுத்தது வேர் பிடுங்கி. வடலூர்ல ஒரு பட்டறையில சொல்லி செஞ்சதாம். ஆள் ஒசர இரும்பு பைப்பு, அடியில இடுக்கி மாதிரி ரெண்டு தாடை, அதுக்கு கீழ ஒரு தட்டை தகடு. தண்ட தாடையில கவ்வ வெச்சு பைப்ப நம்ம பக்கம் சாய்ச்சா தகடு தரையில ஊணிக்கிட்டு செடி வேரோட மேல வருது. நாள் வாடகை 100, கூட ரெண்டு கடப்பாரை, ஒரு பெரிய தார்பாய், கை உறை எல்லாம் சேத்து 180 ஆச்சு. மெஷின் குடுத்திருந்தா ஒரு நாளைக்கு அவருக்கு மூணு மடங்கு காசு, அத யோசிச்சு பாருங்க.

கருவி எப்படின்னா, நல்லா இருக்கு ஆனா பழகணும். மொத நாள் காலையில நான் தண்ட முழங்கால் ஒசரத்துல கவ்வினேன், பொக்கை தண்டு தானே, நசுங்கி ஒடஞ்சு மேல் பாதி மட்டும் கையோட வந்துச்சு. இப்படி பத்து செடி வீணாச்சு, அந்த அடிக்கட்டைய எல்லாம் அப்புறம் கடப்பாரை போட்டு தோண்ட வேண்டியதா போச்சு. மண்ண கொஞ்சம் விலக்கிட்டு வேர் கழுத்துல, கட்டையா கெட்டியா இருக்கிற எடத்துல கவ்வணும். கவ்விட்டு வெடுக்குன்னு இழுக்க கூடாது, மெல்ல சாய்ச்சா மண்ணுக்குள்ள வேர் பிரியற சத்தம் கேக்கும், துணி கிழியிற மாதிரி, அந்த சத்தம் வந்தா முழுசா வருதுன்னு அர்த்தம். ஈரமான எடத்துல தகடு சேத்துல இறங்கிடுது, அடியில ஒரு பலகை போட்டா தான் நிக்கும், இத அண்ணன் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். கனம் வேற ஜாஸ்தி, பொம்பளைங்க ஒண்டியா நாள் பூரா செய்ய முடியாது, நானும் எங்க ஓரகத்தியும் மாத்தி மாத்தி செஞ்சோம். நூத்தம்பது அடிக்கு அஞ்சு நாள் புடிச்சுது. மெஷின்ல ரெண்டு நாள் தான், ஆனா மெஷின் வேலைய அடுத்த வருஷமும் செய்யணும், அதுக்கு அடுத்த வருஷமும் செய்யணும்.

கை உறை தான் எனக்கு பிடிக்கல. ஆம்பளைங்க அளவு, ரெண்டாம் நாளே விரல் இடுக்குல பிஞ்சு போச்சு, பால் பட்டு எனக்கு மணிக்கட்டுல அரிப்பு வந்துச்சு. சொன்னேன், அடுத்த வாட்டி ரப்பர்ல சின்ன அளவு வாங்கி வெக்கிறேன்னாரு. வேர் பிடுங்கி ஒண்ணே ஒண்ணு தான் இருக்கு, முன்னாடியே சொல்லி வெக்கலன்னா கிடைக்காது, நான் நாலு நாள் காத்திருந்தேன். கடை எட்டு மணிக்கு தான் தொறக்குறாரு, கழனி வேலைக்கு அது லேட்டு, மொத நாள் சாயங்காலமே எடுத்து வெச்சுக்கிட்டா அந்த ராத்திரிக்கு காசு வாங்க மாட்டாரு. அட்வான்ஸ் 1000, திருப்பி குடுக்கும்போது ஒரு பைசா புடிக்கல, தாடையில மண்ணு ஒட்டியிருக்குன்னு மட்டும் சொன்னாரு.

பங்குனி சித்திரையில தண்ணி வத்தின பின்னாடி தான் செய்யணும்னு கண்டிப்பா சொன்னாரு, அது சரி தான். தண்ணியில நிக்கும்போது புடுங்கினா துண்டு கை தவறி போயிடும், ஒரு துண்டு போனாலும் கீழ எங்கயோ ஒரு புதர். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் எங்க வாய்க்காவுல இது திடீர்னு பெருகினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, 2024ல ஃபெஞ்சல் புயல் வெள்ளம் வடிஞ்சப்பவும் பக்கத்து ஊரு கரையில கட்டு கட்டா தண்டு ஒதுங்கி கெடந்துச்சு, ஒதுங்கின எடத்துலயே இப்ப வேலி மாதிரி நிக்குது. பாண்டிச்சேரியில ஊசுட்டேரி பக்கம் போனவங்க பாத்திருப்பீங்க, பாகூர்ல எங்க தங்கச்சி வீட்டுக்கு போற வழியில ரோட்டோர பள்ளத்துலயும் இதே தான். தண்ணி நிக்கிற பள்ளம், வாய்க்கா ஓரம், ஏரிக்கரை, ரயில் பாதைக்கு மண்ணு எடுத்த குழி, இங்க எல்லாம் தேடுங்க, ஆனா காஞ்ச கரையில கூட உயிரோட தான் நிக்கும், அதனால வறண்ட எடம் தானேன்னு விட்டுடாதீங்க. சீமைக்கருவேலத்த பத்தி ஊரே பேசுது, கோர்ட்டு வரைக்கும் போச்சு, இந்த ரோஸ் பூவ மட்டும் அழகா இருக்குன்னு விட்டுட்டாங்க.

இன்னொரு விஷயம் அவர் சொன்னது, எனக்கு அது ரொம்ப முக்கியமா பட்டுச்சு. புடுங்குற வேகத்துல புனல் மாதிரி பூ இருக்கிற எல்லாத்தையும் புடுங்கிடாதன்னாரு. ஏரியில தண்ணி மேல படந்து கெடக்குமே வள்ளைக்கீரை, அதுவும் இதே குடும்பம், பூவும் இதே ஜாடை, தண்டும் பொக்கை தான், ஆனா அது தலைய தூக்கி ஆள் ஒசரம் நிக்காது, தண்ணியிலயும் சேத்துலயும் படரும், இலை சின்னது ஒல்லியானது, அத நாம சமைச்சு சாப்புடுறோம். எங்க ஆயா அதை பருப்பு போட்டு கடைவாங்க. ரெண்டும் ஒரே கரையில வளருது, கீரை பறிக்கிறவங்க புதர் ஓரமா கை விடும்போது கவனமா இருக்கணும், பெரிய இதய இலை ஒண்ணு கூட கட்டுக்குள்ள வர கூடாது. அதே மாதிரி தேவனாம்பட்டினம் சில்வர் பீச்ல மணல் மேல ஓடுற அடப்பங்கொடி, ஆட்டு குளம்பு மாதிரி இலை நடுவுல பிளந்திருக்கும், அதுக்கும் ரோஸ் புனல் பூ தான், அது நம்ம கடற்கரைக்கு சொந்தமான கொடி, மணல புடிச்சு வெச்சிருக்கு, அதுல யாரும் கைய வெக்க வேணாம். ஒரு வாடகை கடைக்காரர் எனக்கு இத்தனையும் நின்னு சொல்லணும்னு என்ன தலையெழுத்து, பின்னால ரெண்டு பேர் பவர் ஸ்பிரேயர் வாங்க காத்துக்கிட்டு நின்னாங்க, அவங்களையும் சேத்து நிக்க வெச்சு தான் சொன்னாரு.

புடுங்கினத என்ன பண்றதுங்கறது தான் பாதி வேலை. மண்ணு மேல போட கூடாது, கரை மேல போடவே கூடாது. நாங்க எல்லாத்தையும் தார்பாய்ல கட்டி இழுத்துட்டு வந்து நெல்லு காய வெக்கிற சிமெண்ட் களத்துல பரப்பினோம், வேர்ல ஒட்டின மண்ண தட்டிட்டு வேர் மேல இருக்கிற மாதிரி. ஆடு கிட்ட வராம சுத்தி வலை கட்டினோம், வாடின தழையா இருந்தாலும் அதுல விஷம் இருக்கும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அண்ணன் ஒரு சோதனை சொல்லி குடுத்தாரு, நகத்தால தோல கீறி பாரு, உள்ள பச்சை தெரிஞ்சா உசுரு இருக்கு.

இருவது நாள் சித்திரை வெயில்ல, சூடேறின சிமெண்ட்ல கெடந்த தண்ட கீறி பாத்தேன், உள்ள பச்சை. நம்பவே முடியல, மேல தோலு சுருங்கி செத்த மாதிரி இருக்கு, உள்ள வெண்டைக்காய் மாதிரி பச்சையா இருக்கு. அதுல ஒண்ண எடுத்துட்டு போய் அவர்கிட்ட காட்டினேன், வாங்கி கீறி பாத்துட்டு பாட்டில்ல இருந்த பழைய குச்சிய எடுத்து போட்டுட்டு என்னோடத வெச்சாரு. ஒரு வாரம் கழிச்சு போன் பண்ணி சொன்னாரு, வேர் விட்டுடுச்சும்மா, களத்துல இருக்கிறத இன்னும் அசைக்காதன்னு.

அசைக்கல. நாப்பத்தஞ்சு நாள் ஆச்சு. இன்னிக்கு காலையில அங்கங்க இருந்து பதினஞ்சு தண்டு எடுத்து கீறினேன், பதினஞ்சும் பழுப்பு, மடக்கினா பட்டுன்னு ஒடையுது. கரையில தோண்டினதுல மிச்சம் நின்ன அடிக்கட்டையில இருந்து மூணு எடத்துல மட்டும் துளிர் வந்திருக்கு, நான் மொத நாள் ஒடச்சு வெச்ச பத்துல மூணு. நாளைக்கு சாயங்காலம் வேர் பிடுங்கிக்கு சொல்லி வெச்சிருக்கேன், இந்த தடவ மதகுகிட்ட பெரியப்பா கரையையும் சேத்து முடிக்கணும்.